ஒரே நாற்காலியில் இருந்து கிளம்பிய இருவர்

அலசான் வட்டாரா, சார்லஸ் கோனான் பன்னி. இருவரும் ஐவரி கோஸ்ட்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது மத்திய வங்கிக்கு கவர்னராக இருந்தவர்கள், பிரதமர் ஆனவர்கள். ஆனால் அதிபர் பதவி ஒருவருக்குத்தான் வாய்த்தது.

வட்டாரா 1990-ல் பிரதமராகி செலவை வெட்டினார். காசு திரட்ட, வெளிநாட்டவர் கட்டணம் கட்டி அட்டை வாங்க வேண்டும் என்றார். பிறகு அவரையே ‘வெளிநாட்டவர்’ என்று முத்திரை குத்தி, 2000 அதிபர் தேர்தலில் நிற்க விடவில்லை. விதியின் குசும்பு! இடையில் ஐந்து ஆண்டுகள் ஐ.எம்.எஃப் எனும் சர்வதேச நிதியத்தில் துணை நிர்வாக இயக்குநர். 2010 அதிபர் தேர்தலில் ஜெயித்தும், அப்போதைய அதிபர் லோரன் பாக்போ நாற்காலியை விடவில்லை. மோதலில் சுமார் 3,000 பேர் செத்த பிறகே 2011-ல் அதிகாரம் கைக்கு வந்தது. இன்னும் இறங்கவில்லை, 2025-ல் நான்காம் முறையும் ஜெயித்தார்.

பன்னி அப்படி இல்லை. மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்ல. உள்நாட்டுப் போரில் நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தபோது, 2005 டிசம்பரில் சமரசப் பிரதமராக உட்கார வைக்கப்பட்டார். மறு ஆண்டே நாட்டின் பெரிய நகரமான அபிஜானில் கப்பலில் வந்த நச்சுக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். நாற்றத்தில் ஊரே மருத்துவமனைக்கு ஓட, அமைச்சரவையோடு ராஜினாமா செய்தார். உடனே திரும்ப நியமிக்கப்பட்டார் என்பது வேறு கதை. 2007-ல் பதவி போனது. அப்புறம் வட்டாரா அமைத்த நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைவர். 2015-ல் அதே வட்டாராவை எதிர்த்து மனுப் போட்டு, வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிக்கொண்டார்.

என் கணக்கில், வங்கியாளராக இருவரும் சமம். வட்டாராவிடம் வடக்கில் ஓட்டுப் போடும் கூட்டமும் சொந்தக் கட்சியும் இருந்தன. பன்னியிடம் நல்ல பெயர் மட்டும்தான்.