அமெரிக்க ஜெனரிக் மருந்து ஒப்புதல் சேவை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

2024 செப்டம்பர் 30 அன்று ஒரு ஜெனரிக் மருந்துக்கான (ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தைப் பிற நிறுவனம் அதே மூலப்பொருளில் தயாரிக்கும் வடிவம்) விண்ணப்பத்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம், அதாவது எஃப்டிஏவிடம், தாக்கல் செய்த நிறுவனம் 2,52,453 டாலர் கட்டணம் செலுத்தியது. மறுநாள் தாக்கல் செய்த நிறுவனத்துக்கு அதே வகை விண்ணப்பத்தின் கட்டணம் 3,21,920 டாலர். ஒரே இரவில் கூடிய தொகை 69,467 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 58 லட்சம் ரூபாய். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் முதல் தேதியில் பிறப்பதும், புதிய கட்டண அட்டவணை அன்றே நடைமுறைக்கு வருவதும்தான் காரணம். இந்திய மருந்து நிறுவனங்களில் ஒப்புதல் விண்ணப்பங்களைக் கவனிக்கும் ரெகுலேட்டரி பிரிவினர் செப்டம்பர் மாதத்தில் விடுப்புக் கேட்கத் தயங்குவது ஏன் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அரசுத் துறையே ஆனாலும், இந்த அளவுக்கு விலை வைத்து விற்கப்படும் ஒரு சேவையை மற்ற எந்தச் சேவையையும் போலவே எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒப்புதல் கேட்பவரே பரிசீலனைச் செலவை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1992இல் புதிய மருந்துகளுக்காகச் சட்டமானது. ஜெனரிக் மருந்துகளுக்கு அது 2012இல், ஜிடியூஃபா என்று துறையினர் சுருக்கமாக அழைக்கும் சட்டத்தின் வழியாக வந்தது. அப்போது எஃப்டிஏவில் தேங்கிக் கிடந்த ஜெனரிக் விண்ணப்பங்கள் 2,800க்கும் அதிகம். ஒரு கோப்பு நகர்ந்து முடிவு எட்டுவதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆவது சாதாரணமாக இருந்தது. கட்டணத்தைச் சட்டமாக்கும் பேச்சுவார்த்தையில் மருந்து நிறுவனங்களே உட்கார்ந்து ஒப்புக்கொண்டதற்கு இந்தத் தேக்கமே காரணம். காத்திருப்பினால் இழக்கும் விற்பனை, கட்டணத்தைவிடப் பல மடங்கு பெரிது என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒரு காலக்கெடு. வழக்கமான விண்ணப்பங்களில் 90 சதவீதத்துக்குப் பத்து மாதத்துக்குள்ளும், முன்னுரிமை பெற்றவற்றுக்கு எட்டு மாதத்துக்குள்ளும் பதில் தருவதாக எஃப்டிஏ எழுத்துபூர்வமாக உறுதியளித்திருக்கிறது. ஆனால் அந்தப் பதில் ஒப்புதலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறைகளைப் பட்டியலிட்டுத் திருப்பி அனுப்பும் கடிதமும் இந்தக் கணக்கில் பதில்தான். முதல் சுற்றிலேயே ஒப்புதல் பெறும் விண்ணப்பங்கள் இன்றும் சிறுபான்மையே. எனினும், எந்த மாதத்தில் பதில் வரும் என்று தெரிந்தால் மூலப்பொருள் வாங்குவதையும் உற்பத்தி வரிசையை ஒதுக்குவதையும் திட்டமிட முடிகிறது. வருடக்கணக்கில் பதிலே வராத ஓர் அலுவலகத்தின் இலவசச் சேவையைவிட, தேதி சொல்லி மறுக்கும் அலுவலகத்தின் கட்டணச் சேவை மேலானது என்பது என் கருத்து.

கட்டணம் செலுத்தும் முறை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சிறு பிழையையும் பொறுக்காது. இணையத்தில் 3794 என்ற எண்ணுள்ள முகப்புப் படிவத்தை நிரப்பினால் ஓர் அடையாள எண் உருவாகும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு டாலரில் பணம் அனுப்ப வேண்டும். இங்கிருந்து வங்கி வழியாக அனுப்பும்போது, இடையில் உள்ள வங்கி தன் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டால் மறுமுனையில் சில டாலர்கள் குறைவாகப் போய்ச் சேரும். அந்தக் குறைவையும் எஃப்டிஏ நிலுவையாகவே பார்க்கும் என்பதால், வங்கிக் கழிவைச் சேர்த்து அனுப்புமாறு அதன் அறிவிப்புகளே நினைவூட்டுகின்றன. உரிய நாளிலிருந்து 20 நாட்களுக்குள் முழுத் தொகை சேரவில்லை என்றால் விண்ணப்பம் பெறப்பட்டதாகவே கருதப்படாது. விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே ஏற்க முடியாது என்று எஃப்டிஏ முடிவு செய்தால் கட்டணத்தில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் இங்கே நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

விண்ணப்பக் கட்டணத்தோடு செலவு முடிந்துவிட்டது என்று நினைத்து உள்ளே நுழையும் நிறுவனங்கள்தான் பிறகு திணறுகின்றன. இந்த ஜெனரிக் கட்டணத் திட்டத்தின் மொத்த வருவாயில் விண்ணப்பக் கட்டணத்தின் பங்கு 33 சதவீதம் மட்டுமே; பெரும்பகுதி ஆண்டுதோறும் விதிக்கப்படும் கட்டணங்களிலிருந்து வருகிறது. ஒப்புதல் பெற்ற மருந்தைத் தயாரிக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கட்டணம் உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய 2025 நிதியாண்டில் அமெரிக்காவுக்குள் இருக்கும் ஆலைக்கு 2,31,952 டாலரும் வெளிநாட்டு ஆலைக்கு 2,46,952 டாலரும் விதிக்கப்பட்டன. கடல் கடந்து வந்து ஆய்வு செய்யும் செலவுக்காக அந்த 15,000 டாலர் கூடுதல் என்கிறது சட்டம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உறுத்துவது, கையில் இருக்கும் ஒப்புதல்களின் எண்ணிக்கையை வைத்து நிறுவனங்களை மூன்று அடுக்காகப் பிரித்து விதிக்கும் திட்டக் கட்டணம். ஐந்து அல்லது அதற்குக் குறைவான ஒப்புதல்கள் உள்ளவர் 1,89,166 டாலரும், ஆறு முதல் 19 வரை உள்ளவர் 7,56,666 டாலரும், 20 அல்லது அதற்கு மேல் உள்ளவர் 18,91,664 டாலரும் அந்த ஆண்டில் செலுத்த வேண்டியிருந்தது.

பார்வைக்குப் பெரியவரிடம் அதிகம் வாங்குவதுபோலத் தெரிந்தாலும், அந்த ஆண்டின் தொகைகளை வகுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 200 ஒப்புதல்களை வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கு ஓர் ஒப்புதலுக்கு 9,458 டாலர்தான் விழுகிறது. ஒரே ஒப்புதலோடு நிற்கும் சிறு நிறுவனத்துக்கோ முழு 1,89,166 டாலரும் அந்த ஒன்றின் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டில் சொந்த ஆலை வைத்து ஒரே மருந்துக்கு ஒப்புதல் பெற்ற ஒருவர், ஆலைக் கட்டணத்தையும் சேர்த்து அந்த ஆண்டுக்கு 4,36,118 டாலர், அதாவது மூன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல், எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அந்த மருந்து அமெரிக்கக் கடையில் ஒரு மாத்திரைகூட விற்காவிட்டாலும் இதில் மாற்றமில்லை. சிறு நிறுவனங்களுக்கான விலக்கு என்று இந்தச் சட்டத்தில் எதுவும் கிடையாது. ஆலைக் கட்டணம் நிலுவையில் விழுந்தால், அந்த ஆலையிலிருந்து வரும் மருந்துகள் சட்டப்படி முறையற்ற சரக்காகிவிடும். அமெரிக்காவுக்குள் இறக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் தன் செலவைத் தொழில்துறையிடமிருந்தே வசூலிக்கிறது. ஆனால் விற்பனை தொடங்கும்வரை ஆண்டுக் கட்டணத்திலிருந்து விலக்குக் கோரும் வழியை அது 2015 முதல் வைத்திருக்கிறது. எஃப்டிஏவின் அட்டவணையில் நான் தேடிக் கிடைக்காத பெருந்தன்மை அது.

வசூலித்த பணம் எங்கே போகிறது என்ற கேள்வியில் எஃப்டிஏ நல்ல மதிப்பெண் பெறுகிறது. ஜெனரிக் பரிசீலனைக்காக வாங்கிய தொகையை அந்தப் பணிக்கு மட்டுமே செலவிட வேண்டும். வரவு செலவும், காலக்கெடுவில் எத்தனை நிறைவேறின என்பதும் ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாகப் போகின்றன. நம் ஊர்ச் சட்ட மரபுக்கும் இது பழக்கமான உரைகல்தான். 1954இல் ஷிரூர் மடம் வழக்கில், மதராஸ் இந்து அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் வசூலித்த பங்களிப்புத் தொகை, செய்யும் சேவையோடு தொடர்பில்லாமல் அரசின் பொது நிதியில் கலந்துவிடுவதால் அது வரியே, கட்டணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அந்த உரைகல்லில் தேய்த்தாலும் ஜிடியூஃபா பெரும்பாலும் தேறிவிடும்.

ஒழுங்குபடுத்தப்படுபவரின் காசில் ஒழுங்குபடுத்துபவர் நடப்பதா என்ற விமர்சனம் அமெரிக்காவில் ஓயவில்லை. புதிய மருந்துகளின் பரிசீலனைச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் கட்டணத்திலிருந்து வரும்போது அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஜெனரிக் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதல் சுற்றில் குறையோடு திரும்புவதைப் பார்க்கையில், பணம் தீர்ப்பை வாங்கிவிடுகிறது என்று சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை.

பல மருந்துகளை வரிசையாகத் தாக்கல் செய்யும் திட்டமும் அதற்கான முதலும் உள்ள நிறுவனத்துக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓரிரு மருந்துகளோடு அமெரிக்கச் சந்தையை எட்டிப் பார்க்க நினைப்பவர், சொந்தப் பெயரில் ஒப்புதல் வாங்குவதற்கு முன், ஏற்கெனவே மேல் அடுக்கில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒப்புதலை வைத்துத் தான் ஒப்பந்த உற்பத்தியாளராக இருக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பிறருடைய ஒப்புதல்களுக்காக மட்டுமே தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைக்கு அதே 2025 நிதியாண்டில் விதிக்கப்பட்ட கட்டணம் 70,668 டாலர்தான். இப்போதைய சட்டத்தின் ஆயுள் 2027 செப்டம்பருடன் முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான அட்டவணையில் ஒற்றை ஒப்புதல்காரருக்கு ஒரு தனி அடுக்கு வருமா என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.