மருந்துக் குறிப்புக்கு நம்பலாம், மனிதர்களைப் பற்றிய எழுத்துக்கு நம்ப முடியாது: ஓர் இயந்திர மொழிபெயர்ப்புச் சேவை

சந்தா கட்டி நான் பயன்படுத்திவரும் ஓர் இயந்திர மொழிபெயர்ப்புச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. என் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில்: மருந்துக் குறிப்புகள், கருவிகளின் கையேடுகள், அப்புறம் அறிவியல் துறையில் இருப்பவர்களின் நேர்காணல்களும் வாழ்க்கைக் குறிப்புகளும். இயந்திரம் முதல் வரைவைத் தரும், நான் திருத்துவேன். சில வேலைகளில் இந்தி வடிவத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மருந்துக் குறிப்பில் இந்தச் சேவை அருமை. அளவு, அலகு, வேளை எதுவும் பிசகுவதில்லை. கலைச்சொல் பட்டியலை ஏற்றிவிட்டால் ஒரு பக்கத்தில் ‘சிறுநீரகம்’, அடுத்த பக்கத்தில் ‘கிட்னி’ என்று தடுமாறாது. அட்டவணைகள் குலையாமல் திரும்பி வருகின்றன. வேகத்தில் குறையே இல்லை.

ஆட்கள் வரும் எழுத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு பெண் பொறியாளரின் வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலமாக்கக் கொடுத்தேன். தமிழில் அதை எழுதியவர் நாம் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருந்தார்: முதல் வரியில் பெயர், பிறகு எல்லா இடத்திலும் ‘அவர்’. பாலத்தை வடிவமைத்த வாக்கியத்தில் அந்த ‘அவர்’ ஆங்கிலத்தில் ‘ஹீ’ ஆனார். குழுவுக்குத் தலைமை தாங்கிய வாக்கியத்திலும் ‘ஹீ’. ‘அவர் தன் கணவருடன்’ என்று வந்த இடத்தில் திடீரென்று ‘ஷீ’. அடுத்த வாக்கியம் காப்புரிமை பற்றியது, அங்கே மறுபடியும் ‘ஹீ’. கணவர், குழந்தை போன்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் அவர் பெண். வேலை என்று வந்துவிட்டால் ஆண்.

இயந்திரத்துக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான வாக்கிய இணைகளை, அதாவது ஒரே வாக்கியத்தின் இரண்டு மொழி வடிவங்களைப் பார்த்து, எந்தச் சொல்லோடு எது அதிகம் வந்தது என்று அதுவே கற்றுக்கொள்கிறது. அதோடு, பல சேவைகள் எழுத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தே மொழிபெயர்க்கின்றன. முதல் வரியில் இருக்கும் பெண்ணின் பெயர் ஐந்தாவது வரிக்குத் தெரியாது.

உலகம் அப்படி இருக்கிறது, இயந்திரம் கண்ணாடிதானே என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘ஹீ’, ‘ஷீ’ வேறுபாடு இல்லாத 12 மொழிகளிலிருந்து, தொழில்களைச் சொல்லும் வாக்கியங்களை கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஆங்கிலமாக்கிப் பார்த்து, பிரேசில் ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அறிவியல், தொழில்நுட்ப வேலைகளில் ‘ஹீ’ மிக அதிகமாக வந்தது. அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்குகளோடு ஒப்பிட்டபோது, அந்தத் துறைகளில் உண்மையில் இருக்கும் பெண்களின் பங்குக்குக்கூட ‘ஷீ’ வரவில்லை. கண்ணாடி இப்படிக் கூட்டிக் காட்டாது.

2019-இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. மருத்துவர் போன்ற ஒரு வேலையில் இருப்பவர் பெண் என்று ஆங்கில வாக்கியத்திலேயே தெளிவாகத் தெரியும்படி எழுதி, தொழில்பெயரிலேயே ஆண், பெண் வேறுபாடு காட்டும் எட்டு மொழிகளுக்கு மாற்றச் சொன்னார்கள். சோதித்தவற்றில் நான்கு வணிகச் சேவைகளும் இருந்தன. பெண் மருத்துவர் போன்றவர்களிடம் எல்லாமே தடுமாறின. அந்தப் பெண்ணின் தொழில்பெயருக்கு முன்னால் ‘அழகிய’ என்ற சொல்லைச் சேர்த்தபோது சில மொழிகளில் பால் சரியாக வருவது கூடியது. படித்த பெண்ணைப் பெண் என்று காட்ட அழகைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் தமிழிலிருந்து வெளியே போகும்போது. தமிழுக்குள் வரும்போது நடப்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்யும் இருவரின் ஆங்கில நேர்காணல் வந்தது. ஒருவர் ஆண், ஒருவர் பெண், பெண்தான் மூத்தவர். வரைவில் ஆண் ‘அவர் விளக்கினார்’, பெண் ‘அவள் சொன்னாள்’. பக்கம் முழுக்க இப்படியே. அந்தத் தமிழை அப்படியே அச்சிட்டால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஒரு பேராசிரியரும் அவரிடம் வேலை பார்க்கும் சின்னப் பெண்ணும் என்றுதான் தோன்றும்.

பால் தவறவில்லை, மரியாதைதான் தவறியது. ஆண்பாலா பெண்பாலா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் ‘அவள் சொன்னாள்’ முழு மதிப்பெண் வாங்கிவிடும். நமக்கோ அவமரியாதை அங்கேதான் இருக்கிறது. தொழிலைப் பார்த்தும் இது நடக்கிறது: இயக்குநர் ‘வந்தார்’, காவலாளி ‘வந்தான்’, வீட்டு வேலை செய்பவர் ‘வந்தாள்’. கதைகளில் பெண் பாத்திரம் ‘அவள்’, செய்திகளில் பதவியில் இருப்பவர் ‘அவர்’. இரண்டையும் கலந்து படித்த இயந்திரம் மரியாதையை இப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கலைச்சொல் பட்டியலில் ‘ஷீ’ என்றால் ‘அவர்’ என்று போட்டுப் பார்த்தேன். ‘அவர் சொன்னாள்’ என்று வந்தது. வினைமுற்று வரைக்கும் பட்டியலின் கை நீளவில்லை. மரியாதை நடை என்று ஒரு தெரிவு உண்டு, ஆனால் அது ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்குவதோடு நின்றுவிடுகிறது.

இந்தி இன்னும் மோசம். ‘என் தோழி வந்தாள்’ என்பதில் பெயரும் வினையும் இரண்டுமே பெண் என்று சொல்கின்றன. கிடைத்தது ‘மேரா தோஸ்த் ஆயா’, அதாவது ஆண் நண்பன் வந்தான். தமிழையும் இந்தியையும் நேராக இணைக்கும் எழுத்து குறைவு என்பதால் இப்படிப்பட்ட சேவைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகின்றன. ஆங்கிலத்தில் ‘ஃப்ரெண்ட்’ என்று ஆனதுமே தோழி காணாமல் போகிறாள். ‘நான் களைத்துவிட்டேன்’ என்று ஒரு பெண் நோயாளி சொன்னதும் ‘தக் கயா’ என்று ஆண்பாலில் போய் நின்றது, ‘தக் கயீ’ என்று வரவில்லை. நோயாளியின் வாய்மொழியில் இப்படி நடப்பதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியாது.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கூகுள் 2018 டிசம்பரிலேயே துருக்கிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் சில வாக்கியங்களுக்கு ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டையும் சேர்த்துக் காட்டத் தொடங்கியது. 2020-இல் பாரசீகம், ஃபின்னிஷ், ஹங்கேரியம் சேர்ந்தன. இரண்டு அறிவிப்பிலும் தமிழ் இல்லை. எத்தனை கோடிப் பேர் ‘அவர்’ என்று எழுதுகிறோம், அதற்கு ஏன் இரண்டு விடை காட்டக் கூடாது?

நான் சந்தா கட்டும் சேவையில் இப்போது, மொழிபெயர்க்கும் முன் நாம் இயந்திரத்துக்குக் குறிப்பு எழுதித் தரும் வசதி வந்திருக்கிறது. ‘இந்தக் கட்டுரை ஒரு பெண்ணைப் பற்றியது, தமிழில் எல்லோரையும் அவர் என்றே எழுது’ என்று முன்னால் எழுதிவிட்டால் வரைவு நன்றாகத் தேறுகிறது. நீண்ட கட்டுரையின் பின்பாதியில் மறந்துவிடுவதுண்டு, அதனால் கடைசிப் பக்கங்களை இரண்டு முறை படியுங்கள். ஆங்கிலத்துக்கு அனுப்பும் தமிழில், பத்திக்கு ஒரு முறையாவது ‘அவர்’ என்பதை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவதும் உதவுகிறது. குறிப்பு எழுதத் தெரியாத, இரண்டு மொழியும் தெரியாத ஒருவர் இதை நம்பிப் பயன்படுத்தும்போது இந்த உதவி எதுவும் அவருக்குக் கிடைக்காது.

மருந்துக் குறிப்புக்கும் கையேட்டுக்கும் ஐந்தில் நாலரை கொடுப்பேன். மனிதர்களைப் பற்றிய எழுத்துக்கு ஒன்றரை, அதுவும் அந்தக் குறிப்பு வசதிக்காக. சந்தாவை நீட்டிக்கிறேன். ‘அவள் சொன்னாள்’ பக்கங்களையும் தோழி தொலைந்த வாக்கியங்களையும் தொகுத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் மனிதருக்கும் மரியாதைத் தெரிவு வேண்டும் என்று தனியாகக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. தமிழில் வேலை செய்கிறவர்கள் நீங்களும் உங்கள் சேவைக்கு இதை எழுதிக் கேளுங்கள்.