வெள்ளைச்சாமியைக் காப்பாற்றிய டெஸ்ட்: பைதான் அசர்ட்டோடு நாலு வருஷம்

நான் முழுநேர புரோகிராமர் கிடையாது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களில் ரெண்டு முறை வந்த பெயர்களைக் கழித்துத் தரும் ஒரு பைதான் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் டெஸ்ட் என்றால் நடுநடுவே பிரிண்ட் போட்டுக் கண்ணால் பார்ப்பதுதான். அப்புறம்தான் அசர்ட் என்ற பைதான் கட்டளை. நிபந்தனை பொய்யானால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம்.

அதிலும் முதல் அடி சீக்கிரமே விழுந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நிபந்தனையையும் பிழைச் செய்தியையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருந்தேன். பைதான் அதை டியூப்பிள், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுப்பு, என்று எடுத்துக்கொள்ளும், காலியாக இல்லாத டியூப்பிள் எப்போதுமே உண்மை, ஆக அந்த அசர்ட்டுகள் எதையுமே சோதிக்காமல் மாதக்கணக்கில் பாஸ் ஆகிக்கொண்டிருந்தன. பைதான் இதற்கு எச்சரிக்கை காட்டும், நான்தான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் புது டெஸ்ட் எழுதினால் முதலில் வேண்டுமென்றே தவறான விடையைக் கொடுத்து, அது அலறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

பிறகு டெஸ்டுகளை ஓட்டித் தரும் பைடெஸ்ட் என்ற கருவிக்கு வந்தேன். பைதானோடேயே வரும் யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் கிளாஸ், செல்ஃப் என்று எழுதி எனக்குக் கை வலித்தது. பைடெஸ்டில் சாதாரண அசர்ட்டே போதும், தோற்றால் இரண்டு பக்க மதிப்பையும் காட்டும். ஒருநாள் 'கோபால்', 'கோபால்' இரண்டும் சமமில்லை என்று காட்டியது! நீளத்தைப் பார்த்தால் ஒன்று 6, இன்னொன்று 7. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடு, மற்றதில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனி. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று.

ஆனால் கௌரியை 'கெளரி' என்று ளகரம் போட்டு அடிப்பவர்களை என்எஃப்சி ஒன்றும் செய்யாது. நானே ஒரு விதி எழுதினேன்: ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று. கௌரி, சௌந்தரம், மௌலி எல்லாம் கச்சிதமாக வந்தார்கள். மாறவே கூடாத சாதாரணப் பெயர்கள் கொஞ்சத்தை ஏற்கெனவே ஒரு டெஸ்டில் போட்டு வைத்திருந்தேன், அதில் வெள்ளைச்சாமி சிதைந்துபோய் நின்றார். ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று திருத்தினேன். அந்த டெஸ்ட் இல்லையென்றால் எத்தனை வெள்ளையம்மாள்கள் போயிருப்பார்களோ.

ஒரு குறை மட்டும். உள்ளே வரும் தரவைச் சரிபார்க்க அசர்ட்டை நம்பாதீர்கள். பைதானைப் பெரிய ஓ (-O) ஆப்ஷனோடு ஓட்டினால் எல்லா அசர்ட்டும் காணாமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் காலிப் பெயர்கள் நழுவி உள்ளே வந்தன. இப்போது அந்த இடங்களில் இஃப் போட்டு, மதிப்பு தவறென்றால் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்புகிறேன்.

இனிஷியலை முன்னால் போடுபவரையும் பின்னால் போடுபவரையும் ஒரே ஆளாகப் பார்க்க வைக்கும் டெஸ்டை மட்டும் இன்னும் எழுதவில்லை, அப்பாவும் மகனும் ஒரே பட்டியலில் வந்தால் விடை என்னவென்று எனக்கே தெளிவில்லை.