பழைய மாருதி 800-க்கு எந்தப் பிளக் ஒயர்?

கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800-இல் ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும் பிளக் ஒயர்களை அண்மையில் மாற்ற வேண்டி வந்தபோது, கார்பன் தோய்த்த இழை, சுருளாகச் சுற்றிய மெல்லிய உலோகக் கம்பி, வெறும் செம்புக் கம்பி என மூன்று வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். சிலிக்கோன் உறையிட்ட சுருள்கம்பி வகையையே வாங்கினேன். விலை கூடுதல்தான் என்றாலும் மறுமுறையும் அதையே வாங்குவேன்.

தடித்த 8 மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வண்டியின் இழுவை கூடும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொறி பாயத் தேவையான மின்னழுத்தம் பெரும்பாலும் பிளக்கின் இடைவெளியையும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் பொறுத்தது, ஒயரின் தடிமனை அன்று.

என் முடிவுக்குக் காரணம், ஒயர் பழுதாகும் விதம். கார்பன் ஒயர் புதிதாக இருக்கும்வரை குறையில்லாமல் உழைக்கிறது, பொறியால் வண்டி ரேடியோவில் எழும் இரைச்சலையும் நன்கு அடக்குகிறது. ஆனால் பிளக்கைக் கழற்றுபவர் ரப்பர் மூடியைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்தால், உள்ளே இழை அறுந்துவிடக்கூடும். அறுந்த இடத்தில் பொறி தாவித் தாவி இழை கருக, மின்தடை ஏறிக்கொண்டே போகும். உறையில் கீறல்கூடத் தெரியாததால், மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் இடையிடையே பற்றத் தவறுவது) வரும்போது முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிக்கிறார்கள். நல்ல கார்பன் ஒயரே மீட்டருக்குப் பத்து கிலோ ஓமுக்கு மேல் காட்டக்கூடும் என்பதால், பாதி கெட்டதை மல்டிமீட்டரால் பிரித்தறிவதும் எளிதன்று. சுருள்கம்பியின் தடையோ மிகக் குறைவு. இரைச்சலை அது சுருளின் தூண்டலால் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் பண்பால்) அடக்குகிறது. ஆகவே அதில் தடை திடீரென உயர்ந்தால் பழுது உடனே புலப்படும். ஆண்டுக்கொரு முறை அளந்து எழுதி வைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிலிக்கோன் உறை எஞ்சின் சூட்டில் எளிதில் இறுகி வெடிப்பதில்லை. ஆனால் அது மென்மையானது. கூரான விளிம்பில் உரசினால் கிழியும் என்பதால் ஒயர்களைக் கிளிப்புகளில் ஒழுங்காகப் பதித்துவிட வேண்டும்.

செம்பு ஒயரை நான் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில்லை. உறுதியானதுதான், எனினும் தடை உள்ள மூடியோ உள்ளேயே மின்தடை வைத்த, 'ஆர்' குறியிட்ட பிளக்கோ இல்லாமல் போட்டால் ரேடியோ இரையும், எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் நல்லதன்று.

எதை வாங்கினாலும், மூன்று பிளக் ஒயர்களோடு உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் நான்காவது ஒயரும் செட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது கெட்டால் மூன்று சிலிண்டர்களுமே தடுமாறும்.