பெரிய கப்பலா, சின்ன கப்பலா? கிரீஸ் தீவுகளுக்கு ரெண்டுலயும் போயிட்டு வந்து சொல்றேன்

கிரீஸ் தீவுகளுக்கு ரெண்டு தடவ கப்பல்ல போயாச்சு. முதல் தடவ அம்மா, பசங்கன்னு குடும்பத்தோட, கிட்டத்தட்ட 3,000 பேர் போற பெரிய கப்பல். போன செப்டம்பர்ல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும், மொத்தமே நாப்பது சொச்சம் பேர் இருந்த சின்ன கப்பல். இனிமே அந்தப் பக்கம் போனா நான் சின்ன கப்பல்லதான் போவேன், ஏன்னு சொல்றேன்.

தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சிடுறேன். பெரிய கப்பல்ல நீச்சல் குளம், ஷோ, குழந்தைங்களுக்கு தனி கிளப், பஃபேல தினமும் ஒரு பருப்பு, சாதம் எல்லாம் உண்டு. சின்னதுல இதெல்லாம் கிடையாது, ஒரே டைனிங் ஹால், கேபினும் சின்னது. சைவம்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததால சமையல்காரர் நல்லாவே கவனிச்சாரு, ஆனா ரசம் சாதத்துக்கு மனசு ஏங்கத்தான் செஞ்சுது. காசு, ஒரு ராத்திரிக்கு சின்ன கப்பல்தான் எங்களுக்கு அதிகமாச்சு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெரிய கப்பல்ல டிப்ஸ், வைஃபை, எக்ஸ்கர்ஷன் (கரையில கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுற டூர்)னு தனித்தனியா கட்டினத கூட்டிப் பாத்தா அந்த இடைவெளி நெறயவே குறைஞ்சுது.

என்னைப் பொறுத்தவரைக்கும் முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு, கரையில நமக்கு எவ்வளவு நேரம் கெடைக்குது. கப்பல் காலைல 7 மணிக்கு வந்து சாயங்காலம் 5 மணிக்கு கெளம்பும்னு போட்டிருந்தா பத்து மணி நேரம் இருக்குன்னு நெனச்சிடுவோம், நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சாண்டோரினி தீவையே எடுத்துக்கோங்க. அது எரிமலை வெடிச்சு உள்ள இறங்கின பள்ளத்துல கடல் புகுந்த இடம், தண்ணி 300 மீட்டருக்கு மேல ஆழம், பெரிய கப்பல் வந்து ஒட்டி நிக்கிற மாதிரி துறைமேடையே அங்க கெடையாது. அதனால நடுக்கடல்லயே நிறுத்தி டெண்டர் போட்ல (ஆளுங்கள கரைக்குக் கொண்டுபோற சின்ன படகு) கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க, அதுக்கு டோக்கன். எங்க நம்பர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கீழ இருக்கிற பழைய துறைமுகத்துல இறங்கினா ஊர் 200 மீட்டருக்கு மேல உயரத்துல பாறை உச்சியில நிக்குது, ஏற மூணே வழிதான்: கேபிள் கார், கழுதை, இல்ல 588 படி. கேபிள் கார்ல ஒரு தடவைக்கு 36 பேர்தான். அன்னைக்கு எங்களோடது மாதிரி இன்னும் ரெண்டு கப்பல் நின்னுச்சு, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அம்மாவுக்கு முட்டி வலி, படி நெனச்சே பாக்க முடியாது, கழுதைய அந்த வெயில்ல ஏத்துறத பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. இறங்குறப்பவும் அதே க்யூ, கடைசி டெண்டர் போயிடுமோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே நின்னோம். மேல நாங்க இருந்தது மூணரை மணி நேரம், அதுல அதே தீவுல இருக்கிற ஓயாங்கிற ஊருக்கு போகவே முடியல. இப்ப ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிங்கதான்னு வரம்பு வச்சிருக்காங்க, அப்பவும் அது பெரிய கூட்டம்தான்.

ஒரு விஷயம் எங்களுக்கு லேட்டாதான் தெரிஞ்சுது. கப்பல்லயே எக்ஸ்கர்ஷன் வாங்கினவங்கள முதல் டெண்டர்ல ஏத்தி அதினியோஸ்ங்கிற இன்னொரு துறைமுகத்துல இறக்கி பஸ்ல மேல கூட்டிட்டுப் போயிடுவாங்க. பெரிய கப்பல்ல வயசானவங்களோட போறவங்க சாண்டோரினிக்கு மட்டுமாவது அத வாங்கிடுங்க.

சின்ன கப்பல்ல இந்த பாடே இல்ல. ஹைட்ரா தீவுல படகுத்துறையிலயே கொண்டுபோய் கட்டினாங்க, பலகையில பத்து அடி நடந்தா ஊருக்குள்ள நிக்கிறோம். கார், பைக்குக்கு அனுமதியில்லாத ஊர் அது, சாமான் எல்லாம் கழுதை மேலதான் போகுது, ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா நடந்து வந்து கேபின்ல படுத்தோம். மைக்கோனோஸ்ல ராத்திரி 11 மணி வரைக்கும் நின்னுச்சு, பகல் கூட்டமெல்லாம் போனதுக்கப்புறம் அந்த வெள்ளை சந்துகள்ல ரெண்டு பேரும் சும்மா சுத்தினோம். மறுநாள் காலைல டீலோஸ். ஆள் யாரும் ராத்திரி தங்கக் கூடாத தீவு அது, கிரேக்கக் கடவுள் அப்போலோ பொறந்த இடம்னு சொல்லுவாங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அந்த சிங்கச் சிலைங்க பக்கத்துல நாங்க ஒரு பத்து பேர்தான். நடுவுல ஒரு சின்ன வளைகுடாவுல கப்பல நிறுத்தி பின்னாடி ஏணிய இறக்கி கடல்ல நீந்த விட்டாங்க, பசங்கள கூட்டிட்டு வரலயேன்னு அப்பதான் தோணுச்சு.

கப்பல் ஆடுறத பத்தி கேப்பீங்க. சின்ன கப்பல் ஆடும், ஒரு ராத்திரி டம்ளர் உருண்டுச்சு, எனக்கு மாத்திரை போட்டப்புறம்தான் தூக்கம் வந்துச்சு. நாங்க போனது செப்டம்பர் கடைசி. ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து பலமா அடிக்கும், அந்த சீசன்ல சின்ன கப்பல்ல நான் போனதில்ல, அதனால தைரியமா போங்கன்னு என்னால சொல்ல முடியாது. எங்க சின்ன கப்பல்ல லிஃப்ட் இல்ல, டாக்டரும் இல்ல. பெரியதுல ஒரு நாள் அம்மாவுக்கு பிரஷர் ஏறினப்போ கப்பல் கிளினிக்லயே பாத்தாங்க, அந்த நிம்மதிக்கு விலை கிடையாது. ஆக அம்மாவ மறுபடி கூட்டிட்டுப் போறதா இருந்தா பெரிய கப்பல்தான், ஆனா டெண்டர் வேண்டாத துறைமுகமா பாத்து எடுப்பேன்.

இந்திய பாஸ்போர்ட்காரங்க இன்னொண்ணையும் பாத்துக்கோங்க. பெரிய கப்பல் நெறயா துருக்கியில குஷாதாசிக்கும் போயிட்டு வரும், அங்க போனா ஷெங்கனை (ஒரே விசால போய் வரக்கூடிய, கிரீஸும் சேந்த ஐரோப்பிய நாடுங்க) விட்டு வெளிய போய் திரும்ப உள்ள வர்ற மாதிரி, அதனால மல்டிபிள் என்ட்ரி விசா கேட்டு வாங்கிடுங்க, துருக்கிக்கு தனி விசா வேணுமான்னும் புக் பண்றப்பவே கேட்டுடுங்க. எங்க சின்ன கப்பல் கிரீஸ விட்டு வெளிய போகல, ஒரே விசாவோட முடிஞ்சுது.