ஜிகாம்ப்ரி: வகுப்பறைக் கணினியில் எழுத்துக்கூட்டல்

சிறு குழந்தைகளுக்கான எழுத்துக்கூட்டல் மென்பொருள் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது, குழந்தை எழுத வேண்டிய சொல் அந்த நேரத்தில் திரையில் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்பதைத்தான். கண்முன் இருக்கும் சொல்லைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது விசைப்பலகைப் பயிற்சியே தவிர எழுத்துக்கூட்டல் ஆகாது. சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபார்க்கும் பழைய சிலேட்டு முறை இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் நடுவில் உள்ள அந்த "மூடுதல்"தான்.

ஜிகாம்ப்ரி (GCompris) 2000ஆம் ஆண்டில் பிரான்சில் தொடங்கப்பட்டு, இப்போது தன்னார்வலர்கள் இணைந்து மென்பொருள் உருவாக்கும் கேடிஇ (KDE) சமூகத்தின் பராமரிப்பில் உள்ள, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள். 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கென நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் இதில் உள்ளன. கட்டணமும் விளம்பரமும் இல்லாதது வகுப்பறைக்குப் பெரிய நிம்மதி. குரல் பதிவுகளையும் சொற்களுக்கான படங்களையும் தனியாகத் தரவிறக்க வேண்டும். அதைச் செய்த பிறகு இணைய இணைப்பு இல்லாமலே பயன்படுத்தலாம். எந்த மொழியைக் கற்பிக்கிறோமோ அந்த மொழிக்குக் குரல் பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் குரல் இல்லாத எழுத்துக்கூட்டல் பாடம் பாதிப் பாடம்தான்.

சொல் சார்ந்த செயல்பாடுகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. மேலிருந்து விழும் சொற்கள் தரையைத் தொடுவதற்குள் தட்டச்சு செய்யும் விளையாட்டுதான் குழந்தைகளை அதிகம் ஈர்க்கக்கூடியது. ஆனால் சொல் முழுவதும் கண்முன் விழுந்துகொண்டிருப்பதால் விரல் வேகம் வளர்கிறதே ஒழிய, சொல் மனத்தில் தங்குவதற்கு உத்தரவாதம் இல்லை. படத்தின் கீழ் ஓர் எழுத்து விடுபட்ட சொல்லைக் காட்டி, அந்த எழுத்தைக் கேட்கும் பயிற்சி அதைவிட ஒரு படி மேல். என்றாலும் விடைக்கான எழுத்துகள் அருகிலேயே கிடைப்பதால் அது அடையாளம் காணும் திறனையே சோதிக்கிறது. விமானத்தின் பின்னால் பறக்கும் கொடியில் உள்ள எழுத்து எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று தேடச் சொல்லும் செயல்பாட்டை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். சொல்லை ஒரு படமாகப் பார்க்காமல் எழுத்துகளின் வரிசையாகப் பார்க்கும் பழக்கத்தை அது தொடங்கிவைப்பதால், இப்போது எந்தத் தொடக்க வகுப்புக்கும் அதையே முதலில் பரிந்துரைப்பேன். சொல்வளப் பகுதி படம், குரல், எழுத்து மூன்றையும் சேர்த்துக் காட்டிவிட்டு, பின்னர் படிப்படியாகப் பயிற்சிக்கு நகர்ந்து, இறுதியில் சொல்லையே தட்டச்சு செய்யச் சொல்கிறது. சிலேட்டு முறைக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான்.

 

ஜிகாம்ப்ரியில் வரும் சொற்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டவை; இந்த வாரம் பாடத்தில் நடத்திய சொற்கள்தாம் அதில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, சொற்களை இனம் பிரித்து ஆராயும் பயிற்சிக்குச் வேர்டு, ரைட்டர் போன்ற சாதாரண உரைத்தொகுப்பியே எனக்கு அதிகம் உதவுகிறது. மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையின் தலைப்பில் ல, ள, ழ என்று இட்டு, பல்லி, பள்ளி, கிளி, கிழி, வலி, வழி எனக் கலைந்து கிடக்கும் சொற்களை உரிய பத்திக்கு நகர்த்தச் சொல்லலாம். பிறகு பட்டியலை மறைத்துவிட்டு, ஆசிரியர் உச்சரிக்க மாணவர் எழுதலாம். இதில் தவறைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும் பிழைதிருத்தியை முதலில் அணைத்துவிட வேண்டும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. நோட்டில் "கொ" எழுதும் குழந்தை ஒற்றைக் கொம்பை முதலில் போட்டு, பின்பு ககரத்தையும் காலையும் எழுதுகிறது. தமிழ்99 என்னும் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை அமைப்பிலோ ககரத்தைத் தட்டியபின் ஒகரத்தைத் தட்ட வேண்டும். இது குழப்பம் என்று சிலர் கருதலாம். எனக்கு இது வாய்ப்பாகவே தோன்றுகிறது: மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கிறது என்பதைக் கரும்பலகையில் சொல்லிக் காட்டுவதைவிட, விரல் தட்டிய வரிசையிலேயே அது புரிகிறது. எனினும், கையெழுத்து ஓரளவு படிந்த பிறகே தட்டச்சுக்கு அனுப்புவது நல்லது.

கணினிகள் குறைவாக இருந்தால் ஒரு திரைக்கு இருவர் போதும்: ஒருவர் எழுத்துகளை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் தட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் இடம் மாற்றாவிட்டால் துடிப்பான பிள்ளை மவுஸை விடவே விடாது. சிறுவர் கைக்குப் பொருந்தும் மவுஸும் ஹெட்போனும் தேவை. பத்துக் கணினிகள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சொற்களை உச்சரித்தால் எந்தச் சொல்லும் எவர் காதிலும் விழாது. ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம், அதில் பெரும்பகுதி சொல்வளத்துக்கும் விடுபட்ட எழுத்துக்கும், விழும் சொற்கள் கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் என்பதே நான் வைத்திருக்கும் கணக்கு.