யமஹா டிஎக்ஸ்7-டூ: சுத்த சுருதிக்காக இன்றும் வாங்கலாமா?

முதலில் ஒரு எச்சரிக்கை. 1983இல் வந்த அசல் டிஎக்ஸ்7 சிந்தசைசரில் மைக்ரோட்யூனிங், அதாவது ஒவ்வொரு கீயின் சுருதியையும் தனித்தனியாக மாற்றும் வசதி, கிடையாது. 1987இல் வந்த டிஎக்ஸ்7-டூ டி, ஃப்ளாப்பி டிரைவ் உள்ள டிஎக்ஸ்7-டூ எஃப்டி, எளிய வடிவமான டிஎக்ஸ்7எஸ், கீகள் இல்லாத ராக் பெட்டி வடிவமான டிஎக்ஸ்802 (TX802) ஆகியவற்றில்தான் அந்த வசதி உண்டு. பழைய பொருள் விளம்பரங்களில் எல்லாவற்றையும் "டிஎக்ஸ்7" என்றே போடுவார்கள். பேனலில் உள்ள பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உள்ளே 11 ட்யூனிங்குகள் தயாராக இருக்கின்றன: சம இடைவெளி, ப்யூர் மேஜர், ப்யூர் மைனர், மீன்டோன், பித்தகோரியன், வெர்க்மைஸ்டர், கிர்ன்பெர்கர், வலோட்டி-யங், கால் சுரம் தள்ளியது, கால் சுரம், அரைக்கால் சுரம். நாமே எழுதி வைக்க உள் நினைவகத்தில் 2 இடம். அதற்கென ஃபார்மேட் செய்த ஆர்ஏஎம்4 கார்ட்ரிட்ஜில் 64 இடம். (ஃபார்மேட் செய்தால் கார்ட்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் ஒலிகள் அழிந்துவிடும்.)

ஒரு ஸ்தாயியை இந்தக் கருவி 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 1.17 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). காகிதத்தில் கொஞ்சம் முரடாகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு நல்ல பொருத்தம் வெளிப்படுகிறது. 3/2 என்ற அதிர்வெண் விகிதமுள்ள பஞ்சமம் 599.002 படி, அதாவது 599இல் ஏறக்குறைய அப்படியே உட்கார்கிறது. 4/3 மத்யமம் 425, 9/8 சதுச்ருதி ரிஷபம் 174. ஐந்தின் பின்னங்கள்தான் சற்று விலகும்: அந்தர காந்தாரம் 5/4க்கு 329.65 வேண்டும், 330 கிடைக்கும். விலகல் 0.41 சென்ட். மற்றவை: சுத்த ரிஷபம் 95, சாதாரண காந்தாரம் 269, பிரதி மத்யமம் 504, சுத்த தைவதம் 694, கைசிகி நிஷாதம் 868, காகலி நிஷாதம் 929. ஸட்ஜத்தைப் பூஜ்யமாக வைத்து இந்த எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். எந்தச் சுரமும் அரை சென்ட்டுக்கு மேல் விலகாது.

காதுக்கு அது எவ்வளவு என்று பார்ப்போம். 261.6 ஹெர்ட்ஸில் ஸட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்துப் பிடித்தால், சம இடைவெளி ட்யூனிங்கில் விநாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட அலைச்சல் (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) எழும். 330ஆம் படியில் மூன்று விநாடிக்கு ஒன்றுதான். நீண்ட ஸ்வரத்தில் கூர்ந்து கேட்பவருக்கு மட்டும் அது தெரியும்.

ஆனால் இந்த எண்களை எழுதிய ட்யூனிங் டேபிள் சரியாக இருந்தும் பலருக்கு வித்தியாசமே கேட்பதில்லை. பழி ஒலியின் மேல்தான். இந்தக் கருவியின் எஃப்எம் ஒலிகள் பெரும்பாலும் ஆபரேட்டர்களை (ஒலியை உருவாக்கும் அலை மூலங்களை) ஒன்றுக்கொன்று டீட்யூன் செய்து, அதாவது சுருதியைச் சற்றே விலக்கி, செழுமை சேர்த்தவை. ஒரே ஒரு கீயை அழுத்தினாலே அலைச்சல் கேட்கும் ஒலியில் சுத்த காந்தாரத்தை எங்கே தேடுவது? ஆகவே சோதிக்கும் ஒலியில் ஆறு ஆபரேட்டர்களின் டீட்யூனும் பூஜ்யம், ரேஷியோக்கள் முழு எண்கள், எல்எஃப்ஓ (மெதுவாக ஆட்டும் அலை) தரும் சுருதி ஆட்டம் பூஜ்யம், ஒரே சுரத்தைப் பல குரல்களில் அடுக்கும் யூனிசன் அணைந்திருக்க வேண்டும். முக்கியமாக, டிஎக்ஸ்7-டூவில் ரேண்டம் பிட்ச் என்றொரு அளவு 0 முதல் 7 வரை உண்டு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சுருதியைக் கொஞ்சம் தள்ளிவைப்பதே அதன் வேலை. அது பூஜ்யத்தில் இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கு எல்லாம் வீண்.

டேபிளைப் பேனலிலேயே கீ கீயாக எழுதலாம், பொறுமை வேண்டும். கணினியில் ஸ்கேலா மென்பொருளில் சுர வரிசையையும் ஸட்ஜம் எந்தக் கீ என்பதையும் கொடுத்து, மிடி இணைப்பு வழியாக சிஸெக்ஸ் தகவலாக (கருவிக்கே உரிய தரவுச் செய்தியாக) அனுப்புவதே எளிது. அனுப்பும் முன் மெமரி ப்ரொடெக்டை அணைக்கவும், கருவியின் டிவைஸ் எண்ணும் மென்பொருளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கவும். பிறகு பெர்ஃபார்மன்ஸ் (ஒலியையும் அதன் அமைப்புகளையும் சேர்த்து வைக்கும் பதிவு) எடிட்டில், நாம் எழுதிய முதல் டேபிளான யூசர் 1ஐத் தேர்ந்து, மைக்ரோட்யூனிங் ஸ்விட்சையும் போட்டு, பெர்ஃபார்மன்ஸைச் சேமிக்க வேண்டும். டேபிளைத் தேர்ந்துவிட்டு ஸ்விட்சை மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. இன்னொன்று: பெர்ஃபார்மன்ஸில் பதிவாவது டேபிளின் எண் மட்டுமே. யூசர் 1ஐ மாற்றி எழுதினால் அதை நம்பியிருக்கும் எல்லாப் பெர்ஃபார்மன்ஸும் சேர்ந்து மாறும். ஒரு கட்டைக்கு ஒன்று, ஐந்தரைக் கட்டைக்கு ஒன்று என எழுதினாலே இரண்டு இடமும் தீர்ந்துவிடும். உண்மையான குறை இதுதான்.

சதுச்ருதி தைவதத்துக்கு மேலே எண் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. 5/3 என்றால் 755ஆம் படி: காந்தாரத்தோடு சேரும், ரிஷபத்தோடு சேராது, ரிஷபத்திலிருந்து அதன் தூரம் 680 சென்ட், கேட்டால் முகம் சுளிக்கும் பஞ்சமம். 27/16 என்றால் 773: ரிஷபத்தோடு துல்லியமாகச் சேரும், காந்தாரத்தோடு முரண்படும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கீ உள்ள எந்தக் கருவியாலும் இதைத் தீர்க்க முடியாது. வாசிக்கும் பிரயோகத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கமகத்துக்கு இதை நம்ப வேண்டாம். பிட்ச் வீல் அரைச்சுரக் கணக்கில்தான் வளைக்கும். ஸட்ஜத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் வளைத்தால் 200 சென்ட்டில் நிற்கும், 204இல் நிற்காது. மோனோ மோடில் போர்ட்டமென்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதி) போட்டால் ஜாரு மட்டும் சரியாக டேபிள் சுரத்தில் போய் இறங்கும். சுருதிப் பிடிப்பு, ஸ்வர ஒப்பீடு, நீண்ட இசைவுகள் ஆகியவைதான் இதன் களம். அங்கே ஒரே நேரத்தில் ஒலிக்கும் 16 குரல்கள் தாராளம்.

வயதுக்கான கோளாறுகளும் உண்டு. நினைவகத்தைக் காக்கும் லித்தியம் பேட்டரி போர்டில் பற்றவைக்கப்பட்டது. அது செத்தால் ஒலிகளோடு உங்கள் டேபிள்களும் போகும். மாற்றும் முன் எல்லாவற்றையும் சிஸெக்ஸாகக் கணினிக்கு எடுத்துவிடுங்கள், கழற்றியதும் நினைவகம் காலியாகும். திரையின் பின்னொளி மங்கியிருப்பது சகஜம். ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட். நம் 230இல் நேராகச் சொருகினால் பவர் சப்ளை போய்விடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

கையில் ஏற்கெனவே ஒரு மிடி கீபோர்டு இருப்பவர் 1987இலேயே வந்த யமஹா டிஎக்ஸ்81இசட் (TX81Z) ராக்கையும் பார்க்கலாம். ஸ்தாயிக்கு 768 படி, நாலே ஆபரேட்டர், எட்டுக் குரல். அதில் பஞ்சமமே 0.39 சென்ட் விலகும். மற்றபடி கற்றுக்கொள்ளப் போதும். நிறைய டேபிள்களை மாற்றி மாற்றி வைப்பவருக்கு, 16 மாற்று ட்யூனிங் இடங்களை மிடி ட்யூனிங் ஸ்டாண்டர்டு வழியாக நிரப்பிக்கொள்ளும் ப்ராஃபெட் ரெவ்2 சிந்தசைசர் வசதியானது. அந்த ஸ்டாண்டர்டின் ஒரு படி 0.0061 சென்ட்தான். சுத்த பஞ்சமத்தை டிஜிட்டல் உறுதியோடு, பழைய பொருள் விலையில் வேண்டுபவர் டிஎக்ஸ்7-டூவையே வாங்கலாம். ஃப்ளாப்பி இல்லாத டி மாடலே போதும்.